மவுண்ட் ஆகவில்லையா? யார் மறுத்தது என்று முதலில் பாருங்கள்

லினக்ஸ் சர்வரில் இருக்கும் ஒரு ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) மூலம் இன்னொரு லினக்ஸ் கணினியில் மவுண்ட் செய்வது, அதாவது அதன் சொந்த ஃபோல்டர்போல் இணைப்பது, சொல்வதற்கு இரண்டு வரி வேலைதான். எதை யாருக்குப் பகிர்வது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் சர்வரில் ஒரு வரி, ஃபோல்டரைக் கேட்கும் கணினியான கிளையன்டில் ஒரு மவுண்ட் கட்டளை. அது வேலை செய்யாதபோது பலரும் உடனே ஃபயர்வாலை நிறுத்திப் பார்க்கிறார்கள், ஃபோல்டருக்கு 777 அனுமதி (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுக்கிறார்கள், கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸை அணைக்கிறார்கள், எக்ஸ்போர்ட் வரியில் நோ_ரூட்_ஸ்குவாஷ் (கிளையன்டின் ரூட்டுக்கு, அதாவது முழு அதிகாரப் பயனருக்கு, சர்வரிலும் அதே அதிகாரம் தரும் தெரிவு) சேர்க்கிறார்கள். இவற்றில் ஏதோ ஒன்றில் மவுண்ட் ஆகிவிடும். எது சரிசெய்தது என்று தெரியாததால் எதையும் திரும்ப எடுக்கப் பயம், அதனால் தேவையே இல்லாத மூன்று கதவுகள் திறந்தபடியே அந்த சர்வர் வருடக்கணக்கில் ஓடும்.

இவ்வளவும் தேவையில்லை. கிளையன்ட் ஒரு ஃபோல்டரைக் கேட்கும்போது அந்தக் கோரிக்கை பல இடங்களைத் தாண்டிப் போக வேண்டும். முதலில் கிளையன்டின் சொந்த கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அப்புறம் நெட்வொர்க், ஃபயர்வால், சர்வரில் கேட்டுக்கொண்டிருக்கும் சேவை, எக்ஸ்போர்ட் பட்டியல், கடைசியில் சர்வரின் வட்டில் இருக்கும் கோப்பு அனுமதிகள். இவற்றில் எந்த இடமும் "முடியாது" என்று சொல்லலாம், அல்லது பதிலே சொல்லாமல் இருக்கலாம். திரையில் வரும் செய்தி நடந்ததைக் கிளையன்டின் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறது. எனவே செய்தியில் இருக்கும் சொற்களைவிட, அந்த மறுப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கண்டுபிடித்துவிட்டால் தொட வேண்டியது ஒரே ஒரு இடம்தான்.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். என்எஃப்எஸ் என்பதை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கியது. இன்றும் பல இடங்களில் ஓடும் மூன்றாம் பதிப்பின் விவரக்குறிப்பு 1995-இல் வந்தது. நான்காம் பதிப்பு 2000-இல் வெளியாகி 2003-இல் திருத்தப்பட்டது. இந்த இரண்டு பதிப்புகளும் வேலை செய்யும் விதம் ரொம்பவே வேறு. மூன்றாம் பதிப்பில் மவுண்ட் செய்வது ஒரு தனிச் சேவை, பூட்டு போடுவது இன்னொரு தனிச் சேவை, எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் (சேவையின் வாசல் எண்) இருக்கிறது என்று சொல்ல ஆர்பிசிபைண்ட் என்ற சேவை 111-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும், கோப்புப் பரிமாற்றம் மட்டும் 2049-இல் நடக்கும். நான்காம் பதிப்பில் இதெல்லாம் ஒன்றாகி, டிசிபி 2049 ஒன்றே போதும் என்று ஆனது. ஆகவே நீங்கள் எந்தப் பதிப்பில் மவுண்ட் செய்கிறீர்கள் என்று தெரியாமல் ஃபயர்வாலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. மவுண்ட் ஆன பிறகு 'என்எஃப்எஸ்ஸ்டாட்' கட்டளைக்கு 'எம்' தெரிவு கொடுத்தால் எந்தப் பதிப்பு, என்னென்ன தெரிவுகள் என்று எல்லாம் காட்டும். மவுண்ட் ஆகாத நிலையில், பதிப்பை நீங்களே வெளிப்படையாகச் சொல்லி மவுண்ட் செய்து பாருங்கள், இல்லாவிட்டால் கிளையன்ட் தானாக ஒவ்வொன்றாகக் கீழிறங்கி முயலும், கடைசியில் காட்டும் பிழை எந்த முயற்சியுடையது என்றே புரியாது.

பதில் இல்லாததும் மறுப்பும் ஒன்றல்ல

முதல் மறுப்பு கிளையன்டிடமிருந்தே வரலாம். 'பேட் ஆப்ஷன்', 'ஹெல்பர் புரோகிராம் தேவைப்படலாம்' என்ற பொருளில் ஒரு நீளமான செய்தி வந்தால், கோரிக்கை நெட்வொர்க்குக்குள் போகவே இல்லை. கிளையன்டில் என்எஃப்எஸ் மவுண்ட் செய்யும் துணை நிரல் நிறுவப்படவில்லை, அவ்வளவுதான். டெபியன், உபுண்டுவில் 'என்எஃப்எஸ்-காமன்', ஃபெடோரா வகையில் 'என்எஃப்எஸ்-யூட்டில்ஸ்'. இதற்காக சர்வரில் போய் எதையாவது மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

அடுத்து நெட்வொர்க். இங்கே மூன்று செய்திகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்பது ஒரு வகையில் நல்ல செய்தி. பாக்கெட் அந்த முகவரியில் இருக்கும் இயந்திரத்தைத் தொட்டுவிட்டது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை என்று அதுவே பதில் அனுப்பியிருக்கிறது. சர்வரில் என்எஃப்எஸ் சேவை தொடங்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்றால் பதிலே வரவில்லை. ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது முகவரியே தவறு. மூன்றாவதுதான் ஆட்களை ரொம்பச் சுற்ற வைப்பது: 'நோ ரூட் டு ஹோஸ்ட்' (அந்தக் கணினிக்குப் போக வழி இல்லை). இதைப் பார்த்தவுடன் ரூட்டிங் அட்டவணை, கேட்வே, கேபிள் என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். ஆனால் பிங் போகிறது, எஸ்எஸ்எச் போகிறது, என்எஃப்எஸ் மட்டும் இப்படிச் சொல்கிறது என்றால் அது ரூட்டிங் பிரச்சினை கிடையாது. ஃபயர்வால்டி போன்ற ஃபயர்வால் நிரல்கள் ஒரு பாக்கெட்டை மறுக்கும்போது 'நிர்வாகத்தால் தடுக்கப்பட்டது' என்ற வகை ஐசிஎம்பி (நெட்வொர்க் நிலையைத் தெரிவிக்கும்) செய்தியைத் திருப்பி அனுப்புகின்றன, கிளையன்டின் கர்னல் அதை இந்தப் பிழையாக மொழிபெயர்த்துக் காட்டுகிறது. அதாவது வழி இருக்கிறது, வாசலில் இருப்பவர்தான் மறுத்திருக்கிறார்.

ஃபயர்வால் என்று உறுதியானால் அதை நிறுத்த வேண்டியதில்லை. நான்காம் பதிப்புக்கு 2049 ஒன்றைத் திறந்தால் போதும். ஃபயர்வால்டியில் 'என்எஃப்எஸ்' என்ற சேவைப் பெயரைச் சேர்ப்பது இதைத்தான் செய்கிறது. மூன்றாம் பதிப்பு வேண்டுமென்றால் 'ஆர்பிசி-பைண்ட்', மவுண்ட் சேவையான 'மவுண்ட்டி' இரண்டையும் சேர்க்க வேண்டும். பூட்டுச் சேவைகளின் போர்ட்டுகள் வழக்கமாக ஒவ்வொரு முறையும் மாறக்கூடியவை என்பதால் அவற்றை ஒரு நிலையான எண்ணில் கட்டிவைத்துவிட்டுத் திறக்க வேண்டும். பழைய பதிப்பை விட்டுவிட எனக்குத் தெரிந்த நல்ல காரணங்களில் இது ஒன்று.

இன்னொரு விஷயம். 'ஷோமவுண்ட்' கட்டளை வேலை செய்யவில்லை, அதனால் சர்வர் சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஷோமவுண்ட் மூன்றாம் பதிப்பின் மவுண்ட் சேவையைத்தான் கேட்கிறது. சர்வர் நான்காம் பதிப்பு மட்டும் கொடுக்கிறது என்றால், அல்லது 111 மூடியிருந்தால், ஷோமவுண்ட் தோற்றுப்போகும், மவுண்ட் ஒழுங்காக வேலை செய்யும்.

எக்ஸ்போர்ட் பட்டியலில் ஒரு இடைவெளி

'ஆக்சஸ் டினைட் பை சர்வர் வைல் மவுண்டிங்' என்று வந்தால் நெட்வொர்க் முழுவதும் சரி. சர்வர் உங்கள் கோரிக்கையைப் படித்து, பட்டியலைப் பார்த்து, நீங்கள் அதில் இல்லை என்று முடிவு செய்திருக்கிறது. கோப்பு அனுமதிகளுக்கு இங்கே இடமே இல்லை, 777 கொடுப்பதால் எதுவும் மாறாது.

முதலில் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பை நம்பாதீர்கள். கோப்பில் நீங்கள் எழுதியதும் கர்னலிடம் இருப்பதும் வேறாக இருக்கலாம். கோப்பை மாற்றிய பிறகு 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையை 'ஆர்ஏ' தெரிவோடு ஓட்டினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். அதே கட்டளையை 'வி' தெரிவோடு ஓட்டினால், இப்போது உண்மையில் யாருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று நீங்கள் எழுதாத இயல்புத் தெரிவுகள் உட்பட எல்லாம் தெரியும். அதைத்தான் படிக்க வேண்டும்.

அங்கே படிக்கும்போது ஒரு விசித்திரத்தைப் பார்க்கக்கூடும். எக்ஸ்போர்ட் வரியில் கணினியின் பெயருக்கும் அடுத்து வரும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. விட்டுவிட்டால் அந்த வரியின் பொருளே மாறிவிடும். '192.168.1.20(ஆர்டபிள்யூ)' என்று ஒட்டி எழுதினால் அந்த ஒரு கணினிக்கு எழுதும் உரிமை. நடுவே ஒரு இடைவெளி விழுந்தால், அந்தக் கணினிக்கு இயல்புத் தெரிவுகள், அதாவது படிக்க மட்டும், பெயரே இல்லாத உலகத்தார் அனைவருக்கும் எழுதும் உரிமை என்று ஆகிவிடுகிறது. கேட்டவருக்கு எழுத முடியவில்லை, கேட்காத எல்லோருக்கும் எழுத முடிகிறது! பெரிய பிழைச்செய்தி எதுவும் வராமலே இது நடக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. எழுத முடியாமல் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் முதலில் இந்த இடைவெளியைத் தேடுங்கள்.

பட்டியலில் பெயர் சரியாக இருந்தும் மறுப்பு வருகிறதென்றால் சர்வர் உங்களை வேறு யாரோ என்று நினைக்கிறது. மடிக்கணினியில் கேபிளும் வைஃபையும் இரண்டும் இணைந்திருந்தால் கோரிக்கை எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்பது நீங்கள் நினைப்பதாக இருக்க வேண்டியதில்லை. முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி நேற்று கொடுத்த முகவரி இன்று மாறியிருக்கலாம். எக்ஸ்போர்ட் வரியில் ஐபிக்குப் பதிலாகப் பெயரை எழுதியிருந்தால், வந்த முகவரியிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்க சர்வருக்கு வழி இருக்க வேண்டும். கிளையன்டிலிருந்து சர்வரின் பெயர் தெரிகிறது என்பது இதற்குப் போதாது, எதிர்த்திசைத் தேடலும் சரியாக இருக்க வேண்டும். வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ சப்நெட் (அந்த நெட்வொர்க்கின் முகவரி வரம்பு) முழுவதையும் எழுதிவிடுவது எளிது, நம்பகமானதும்கூட.

மெய்நிகர் கணினிக்குள்ளிருந்தோ, முகவரியை மாற்றி அனுப்பும் என்ஏடிக்குப் பின்னாலிருந்தோ மவுண்ட் செய்தால் இன்னொரு காரணம் உண்டு. சர்வர் இயல்பாக 1024-க்குக் கீழான போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கைகளைத்தான் ஏற்கும். என்ஏடி அந்தப் போர்ட் எண்ணை மாற்றிவிடும்போது மறுப்பு வரும். அதற்கு எக்ஸ்போர்ட் வரியில் 'இன்செக்யூர்' என்ற தெரிவு இருக்கிறது. பெயர் பயமுறுத்தினாலும், சொந்தக் கணினியில் எவரும் ரூட்டாக இருக்க முடிகிற இந்தக் காலத்தில் அந்தப் போர்ட் சோதனை பெரிய பாதுகாப்பு ஒன்றும் தருவதில்லை. இவற்றில் எது காரணம் என்று ஊகிக்கவே வேண்டாம். மூன்றாம் பதிப்பில் மவுண்ட் மறுக்கப்படும்போது சர்வரின் பதிவேடான ஜர்னலில் மவுண்ட்டி காரணத்தோடு எழுதிவைக்கும்: 'அன்மேட்ச்ட் ஹோஸ்ட்' என்றால் பட்டியலில் இல்லை, 'இல்லீகல் போர்ட்' என்றால் மேலே சொன்ன போர்ட் விவகாரம். கிளையன்டின் முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் தேடுவது அங்கே ஒரு வரியில் எழுதியிருக்கும்.

நான்காம் பதிப்பில் பாதையும் குழப்பும். எக்ஸ்போர்ட் வரியில் 'எஃப்எஸ்ஐடி=0' (எஃப்எஸ்ஐடி என்பது பகிர்வின் அடையாள எண்) என்று ஒரு ஃபோல்டருக்குக் கொடுத்திருந்தால் அதுவே கிளையன்டுக்கு வேர் ஆகிவிடும், அதற்குக் கீழே இருப்பதை முழுப் பாதையோடு கேட்கக் கூடாது. 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வந்து, ஃபோல்டர் சர்வரில் கண்ணெதிரே இருக்கிறதென்றால், சர்வரின் வேரை மட்டும் மவுண்ட் செய்து உள்ளே என்ன தெரிகிறது என்று பாருங்கள், விடை அங்கே தெரியும்.

பெயர் இல்லை, எண்தான்

மவுண்ட் ஆகிவிட்டது, பட்டியலும் தெரிகிறது, ஆனால் எழுதினால் 'பெர்மிஷன் டினைட்'. நிறைய நேரம் வீணாவது இங்கேதான். காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு உண்மையை முழுவதுமாக ஏற்றுக்கொள்ள வேண்டும்: சாதாரண என்எஃப்எஸ்ஸில் சர்வருக்கு உங்கள் பெயர் தெரியாது, கடவுச்சொல் தெரியாது, எதையும் சரிபார்ப்பதும் இல்லை. கிளையன்ட் ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு பயனர் எண்ணையும் சில குழு எண்களையும் அனுப்புகிறது. சர்வர் அதை அப்படியே நம்பி, தன் வட்டில் இருக்கும் கோப்புகளின் உரிமையாளர் எண்ணோடு ஒப்பிடுகிறது. அவ்வளவுதான்.

அதனால் இரண்டு கணினியிலும் ஒரே பெயரில் கணக்கு இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. கிளையன்டில் உங்கள் எண் 1000, சர்வரில் அதே பெயருக்கு 1001 என்றால் சர்வரைப் பொறுத்தவரை நீங்கள் வேறு ஆள். இன்றைய விநியோகங்களில் முதல் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கிறது, ஆனால் ரெட் ஹாட்டின் ஆறாம் பதிப்பு வரை இது 500-இல் தொடங்கியது, பழைய சர்வரிலிருந்து வட்டை அப்படியே எடுத்து மாட்டும்போது எல்லாக் கோப்பும் திடீரென்று யாருடையதும் இல்லாததுபோல் தெரிவது இதனால்தான். இரண்டு பக்கமும் 'எல்எஸ்' கட்டளைக்கு 'எல்என்' தெரிவு கொடுத்துப் பாருங்கள், பெயர்களுக்குப் பதில் எண்களைக் காட்டும். சாதாரணமாகப் பார்த்தால் அந்தந்தக் கணினி எண்ணைத் தன் சொந்தப் பட்டியலில் தேடிப் பெயராக மாற்றிக் காட்டிவிடும், அது நம்மை ஏமாற்றும்.

இதன் மறுபக்கம் பிழைச்செய்தியே வராத பிரச்சினை. கிளையன்டில் ஒருவருக்கு 1002, சர்வரில் 1002 வேறொருவருடையது என்றால், முதலாமவர் இரண்டாமவரின் கோப்புகளைத் தாராளமாகப் படிக்கலாம், அழிக்கலாம். எந்தப் பதிவிலும் எச்சரிக்கை வராது. பகிர்வு 'நன்றாக வேலை செய்கிறது' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும், ஆகவே புதிதாக ஒரு பகிர்வை அமைக்கும்போது எண்களைப் பொருத்துவதை எதற்கும் முந்தைய வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

ரூட்டாக இருந்து எழுதிப் பார்ப்பவர்களுக்கு நடப்பது வேறு. இயல்பாகவே ரூட் ஸ்குவாஷ் இயங்குகிறது: பயனர் எண் 0 என்று வரும் கோரிக்கையை சர்வர் 65534 என்ற 'நோபடி'யாக மாற்றிவிடும். சூடோ போட்டும் எழுத முடியவில்லை என்றால் காரணம் இதுதான், பிழை அல்ல, பாதுகாப்பு. இன்னும் சொல்லப்போனால் சாதாரணப் பயனராக எழுத முடிகிற இடத்தில்கூட ரூட்டாக எழுத முடியாமல் போகலாம். இதைத் தாண்ட நோ_ரூட்_ஸ்குவாஷ் போடுவது என்றால், கிளையன்டில் ரூட்டாக இருக்கும் எவரும் உங்கள் சர்வரின் அந்தப் பகுதியில் ரூட் என்று அர்த்தம். வட்டில்லாமல் நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகும் கணினிகள், சில காப்புப்பிரதி வேலைகள் போன்றவற்றுக்கு இது உண்மையிலேயே தேவைப்படும். மற்றபடி வேண்டாம்.

எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு ஃபோல்டர்தான் தேவை, யார் எழுதினார்கள் என்பது முக்கியமில்லை என்றால், அதற்குச் சரியான வழி 'ஆல்_ஸ்குவாஷ்' தெரிவும், அதோடு 'அனான்யுஐடி', 'அனான்ஜிஐடி' என்று ஒரு குறிப்பிட்ட எண்ணும். வரும் எல்லாக் கோரிக்கையும் அந்த ஒரே பயனராக மாறும், ஃபோல்டரை அந்தப் பயனருக்கு உரிமையாக்கிவிட்டால் 777-க்குத் தேவையே இல்லை.

குழு அனுமதியில் ஒரு பழைய எல்லை இன்னும் இருக்கிறது. இந்த எண் அனுப்பும் முறையில் ஒரு கோரிக்கையில் அதிகபட்சம் 16 துணைக் குழுக்கள்தான் போகும். ஒருவர் 20 துணைக் குழுக்களில் இருந்தால் நான்கு வெட்டுப்படும். அதில் தேவையான குழு விழுந்துவிட்டால், குழுவில் இருப்பதாக எல்லாக் கட்டளைகளும் காட்டும்போதே சர்வர் மறுக்கும். சர்வரில் மவுண்ட்டிக்கு 'மேனேஜ்-ஜிட்ஸ்' தெரிவைக் கொடுத்தால், கிளையன்ட் அனுப்பும் குழுக்களை ஒதுக்கிவிட்டு சர்வர் தன் சொந்தப் பட்டியலில் பார்த்துக்கொள்ளும். பெரிய அலுவலகங்களில் ஒரு சிலருக்கு மட்டும் புரியாமல் வரும் மறுப்புக்கு இதை நினைவில் வையுங்கள்.

நான்காம் பதிப்பு பெயர்களை அனுப்புமே என்று கேட்கலாம். கோப்பின் உரிமையாளரைக் காட்டும்போது 'பெயர்@டொமைன்' வடிவில் அனுப்பும் ஏற்பாடு உண்டு, அது இயங்கும்போது இரு பக்கமும் பெயர்களை எண்களாக மாற்றும் ஐடிமேப்டி அமைப்பில் டொமைன் ஒன்றாக இல்லாவிட்டால் எல்லாக் கோப்பும் 'நோபடி'யுடையதாகத் தெரியும். ஆனால் கெர்பரோஸ் (அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) இல்லாத சாதாரண மவுண்டில், அனுமதி உண்டா இல்லையா என்ற முடிவு அப்போதும் எண்ணை வைத்துத்தான். திரையில் நோபடி என்று தெரிந்தும் எழுத முடியும், சரியான பெயர் தெரிந்தும் எழுத முடியாமல் போகும். காட்சியும் அனுமதியும் இரண்டு வெவ்வேறு வழிகளில் வருகின்றன என்பதைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். உண்மையான அடையாளச் சரிபார்ப்பு வேண்டுமென்றால் கெர்பரோஸ்தான் வழி, அதற்கு இரு கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், இயல்பு அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் அதுவும் மறுக்கும்.

அனுமதியெல்லாம் சரி, நீங்கள் படிக்க முடிகிறது, ஆனால் அதே கிளையன்டில் ஓடும் வெப் சர்வருக்கு மட்டும் முடியவில்லை என்றால் மறுப்பது கிளையன்டின் எஸ்இலினக்ஸ். 'எச்டிடிபிடி_யூஸ்_என்எஃப்எஸ்' என்ற பூலியனை (இயக்கவோ அணைக்கவோ கூடிய அமைப்பு) இயக்கினால் போதும், மொத்தத்தையும் அணைக்க வேண்டியதில்லை.

காலியான ஃபோல்டர், உறைந்த திரை

எந்தப் பிழையும் இல்லை, மவுண்டும் ஆகிவிட்டது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. சர்வரில் நீங்கள் பகிர்ந்த ஃபோல்டருக்குள் இன்னொரு வட்டு மவுண்ட் ஆகியிருந்தால் அது தானாகப் பகிரப்படாது, அதன் அடியில் இருக்கும் காலி ஃபோல்டர்தான் கிளையன்டுக்குத் தெரியும். அதைத் தனி வரியாக எக்ஸ்போர்ட் செய்யலாம், அல்லது மேல் ஃபோல்டருக்கு 'கிராஸ்எம்என்டி' (crossmnt) தெரிவைக் கொடுக்கலாம். இன்னொரு சாத்தியம், சர்வர் தொடங்கும்போது அந்த வட்டு மவுண்ட் ஆகவே இல்லை, காலி இடம் எக்ஸ்போர்ட் ஆகிவிட்டது. இது ஆபத்தானது, காப்புப்பிரதி எடுக்கும் நிரல் அந்தக் காலி இடத்தை உண்மை என்று நம்பிவிடும். எக்ஸ்போர்ட் வரியில் 'எம்பி' தெரிவு சேர்த்தால் வட்டு மவுண்ட் ஆகியிருந்தால் மட்டுமே பகிர்வு நடக்கும், வெளிவட்டு மாட்டி ஓட்டும் எல்லோரும் இதைச் சேர்க்க வேண்டும் என்பேன்.

சர்வர் நின்றுபோனால் கிளையன்ட் உறைந்துபோவதைப் பலரும் கோளாறு என்று நினைக்கிறார்கள். அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட நடத்தை. இயல்பான 'ஹார்டு' மவுண்டில் சர்வர் திரும்ப வரும்வரை கிளையன்ட் முடிவில்லாமல் முயன்றுகொண்டே இருக்கும். அந்தப் பாதையைத் தொட்ட நிரல்கள் 'டி' நிலையில் (குறுக்கிட முடியாத காத்திருப்பு) நிற்கும், வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளைகூடத் தொங்கும், ஏனென்றால் அது எல்லா மவுண்டையும் விசாரிக்கிறது. கர்னல் பதிவில் 'நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்' என்று இருக்கும். சர்வர் வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து எழுதும் வேலை தொடரும், எதுவும் இழக்கப்படாது. நான்காம் பதிப்பில் சர்வர் மறுபடி எழுந்த பிறகும் இயல்பாக 90 வினாடி வரை காத்திருப்பு இருக்கலாம், பழைய பூட்டுகளைக் கிளையன்டுகள் திரும்பக் கோருவதற்கான அவகாசம் அது. அந்த நேரத்தில் பொறுமை இழந்து சேவையை மறுபடி மறுபடி தொடங்கினால் அவகாசமும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

உறைவதைத் தவிர்க்க 'சாஃப்ட்' என்று மாற்றச் சொல்லும் அறிவுரையை நிறையப் பார்க்கலாம். எழுதும் மவுண்டுக்கு நான் அதை ஏற்கவே மாட்டேன். சாஃப்ட் மவுண்டில் சில முயற்சிகளுக்குப் பிறகு நிரலுக்கு உள்ளீட்டுப் பிழை போகும், எழுதும்போது வரும் பிழையைக் கவனிக்காத நிரல்கள் ஏராளம், கோப்பு பாதியில் சிதைந்திருப்பது பின்னால்தான் தெரியவரும். உறைவது தொல்லை, சிதைவது இழப்பு. மடிக்கணினி வெளியே போய்வரும் என்றால் மவுண்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியில் 'நோஃபெயில்', 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' இரண்டையும் சேருங்கள், யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போது மட்டும் மவுண்ட் ஆகும், பூட் ஆகும்போது நெட்வொர்க் இன்னும் வரவில்லை என்ற தகராறும் தீரும்.

'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' வந்தால், கிளையன்ட் வைத்திருக்கும் அடையாளச் சீட்டு சர்வரில் இப்போது செல்லாது என்று பொருள். அந்தச் சீட்டில் பாதை இருக்காது, கோப்பு முறைமையின் அடையாளம், ஐநோட் எண் (வட்டில் அந்தக் கோப்பைக் குறிக்கும் எண்) போன்றவைதான் இருக்கும். எனவே சர்வரில் ஒரு ஃபோல்டரை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும், காப்புப்பிரதியிலிருந்து மீட்டாலும் சீட்டு செல்லாது. கிளையன்டில் அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்வதே மருந்து. வட்டு மாற்றாமலே அடிக்கடி வந்தால், அந்த எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு நிலையான எஃப்எஸ்ஐடி கொடுத்துப் பாருங்கள்.

சின்னக் கோப்புகள் வருகின்றன, பெரியதைப் படித்தாலோ நீளமான பட்டியலைக் கேட்டாலோ உறைகிறது என்றால், எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பொருத்தம் பாருங்கள். ஒரு பக்கம் 9000, நடுவில் இருக்கும் சுவிட்ச் 1500 மட்டும் என்றால் சிறிய பாக்கெட்டுகள் மட்டும் தப்பிப் போகும். துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு 1472 பைட் பிங் போய், 8972 பைட் பிங் போகவில்லை என்றால் அதுதான்.

ஒரு கணினியில் எழுதியது இன்னொன்றில் உடனே தெரியவில்லை என்ற புகாருக்குக் காரணம் பண்புத் தேக்கம். கோப்பின் விவரங்களைக் கிளையன்ட் இயல்பாக 3 முதல் 60 வினாடி வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒருவர் கோப்பை மூடிய பிறகு இன்னொருவர் திறந்தால் புதியது கிடைக்கும் என்பதுதான் என்எஃப்எஸ் தரும் உறுதி, அதற்கு மேல் இல்லை. கோப்பு மாறியவுடன் தானாக மறுதொடக்கம் செய்யும் நிரல்கள் இங்கே வேலை செய்யாததற்குக் காரணமும் கிட்டத்தட்ட இதுவே: வேறு கணினியில் நடந்த மாற்றத்தை உங்கள் கர்னலின் ஐநோட்டிஃபை (கோப்பு மாற்றத்தை அறிவிக்கும் வசதி) அறிவதில்லை.

சாம்பா (விண்டோஸ் முறையில் கோப்புகளைப் பகிரும் நிரல்) வழியாகப் பகிர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கே பொய் சொல்லும் செய்தி ஒன்று இருக்கிறது. சிஐஎஃப்எஸ் மவுண்டில் பிழை 112, 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்று வந்து சர்வர் உயிரோடு இருந்தால், இரு பக்கமும் எஸ்எம்பி (சாம்பா பேசும் நெறிமுறை) பதிப்பில் ஒத்துப்போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 2019-இல் வந்த சாம்பா 4.11 முதல் பழைய எஸ்எம்பி1 இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. பழைய நெட்வொர்க் வட்டுப் பெட்டிகள் அதை மட்டுமே பேசும். பிழை 13 என்றால் கடவுச்சொல், சாம்பாவுக்குத் தனிக் கடவுச்சொல் பட்டியல் உண்டு, லினக்ஸ் கணக்கின் கடவுச்சொல் அங்கே தானாகப் போய்ச் சேராது.

இவ்வளவுக்குப் பிறகும் யார் மறுத்தது என்று தெளிவாகவில்லை என்றால், சர்வரில் டிசிபிடம்ப் கொண்டு 2049-ஆம் போர்ட்டில் போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடித்து, அவற்றைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறந்துவிடுங்கள். கிளையன்டிடமிருந்து பாக்கெட்டே வந்திருக்காவிட்டால் தடை நெட்வொர்க்கிலோ கிளையன்டிலோ. வந்து, பதில் போய், அதில் நிலை எண் 13 இருந்தால் சர்வரின் கோப்பு அனுமதி அல்லது எக்ஸ்போர்ட் பட்டியல், அதே பாக்கெட்டின் அடையாளப் பகுதியில் கிளையன்ட் அனுப்பிய பயனர் எண்ணும் குழு எண்களும் அப்படியே இருக்கும். 30 என்றால் படிக்க மட்டும் கொடுத்த எக்ஸ்போர்ட், 70 என்றால் செல்லாத சீட்டு, 10013 என்றால் இன்னும் அந்த 90 வினாடி முடியவில்லை.